ஒன்பதாம் பிரிவின் நாடு: ஜப்பானின் அடையாளமும் பாதுகாப்பும்

1991 மார்ச்சில், வளைகுடாப் போர் முடிந்த கையோடு, குவைத் அரசு அமெரிக்க நாளிதழ்களில் ஒரு விளம்பரம் கொடுத்தது. தன்னை மீட்டுத் தந்த 30 நாடுகளின் பெயர்களை வரிசையாக அச்சிட்டு நன்றி சொல்லும் விளம்பரம். அதில் ஜப்பானின் பெயர் இல்லை. அந்தப் போருக்கு ஜப்பான் கொடுத்திருந்ததோ 1,300 கோடி டாலர். அதற்காகத் தன் மக்கள்மீது தற்காலிக வரிகூட விதித்திருந்தது. பணம் கொடுத்தவர்கள் ஒரு சிப்பாயையும் அனுப்பவில்லை என்பதால் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

டோக்கியோவின் வெளியுறவு வட்டாரங்களில் இந்த அவமானம் இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் ஆய்வாளர்களை அலைக்கழித்த கேள்வி வேறு. அன்று உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரம், மத்திய கிழக்கு எண்ணெயைப் பெரிதும் நம்பியிருந்த நாடு, அந்த எண்ணெய்க்கான போருக்கு ஏன் ஆள் அனுப்பவில்லை? படை இல்லாமலா? இருந்தது. நவீனமான கடற்படையும் விமானப்படையும் இருந்தன. ஆபத்து தெரியாமலா? தெரிந்தது.

சர்வதேச உறவுகள் துறையில் நெடுங்காலம் கோலோச்சிய யதார்த்தவாதத்தில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. கென்னத் வால்ட்ஸ் 1979இல் எழுதிய நூலின்படி, நாடுகளுக்கு மேலே காவல்காரன் கிடையாது. எனவே ஒவ்வொரு நாடும் தன் பலத்தைத் தானே தேடிக்கொள்ளும். அந்த நாட்டு மக்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது இரண்டாம்பட்சம். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, 1993இல், இதே வால்ட்ஸ் ஜப்பானும் அணு ஆயுதம் ஏந்திய பெருவல்லரசாகும் என்று எதிர்பார்த்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. சீனா வளர்ந்தது, வட கொரியா அணுகுண்டு வெடித்தது, ஏவுகணைகள் ஜப்பானின் தலைக்கு மேலேயே பறந்தன. ஜப்பானிடம் இன்னும் அணுகுண்டு இல்லை.

1996இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் காட்சென்ஸ்டைன் தொகுத்த நூலும், ஜப்பானின் காவல்துறையையும் ராணுவத்தையும் பற்றி அதே ஆண்டு அவர் எழுதிய நூலும் இந்த இடைவெளிக்குள் நுழைந்தன. ஒரு நாடு எதைத் தன் நலன் என்று கருதுகிறது என்பதே அதன் அடையாளத்திலிருந்தும் நெறிகளிலிருந்தும் பிறக்கிறது என்பது அவற்றின் வாதம். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தாமஸ் பெர்கர் ஜெர்மனியையும் ஜப்பானையும் ஒப்பிட்டு, போர் எதிர்ப்பு ஒரு அரசியல் பண்பாடாகவே அங்கே வேர்விட்டுவிட்டது என்றார்.

இந்த வாதத்தைப் பலர் சோம்பேறித்தனமாகப் படித்துவிட்டார்கள். 'ஜப்பானியர்கள் இயல்பிலேயே அமைதி விரும்பிகள்' என்று அதைச் சுருக்கிவிட்டார்கள். 1931இல் மஞ்சூரியாவுக்குள் நுழைந்து 1945 வரை ஆசியாவைச் சூறையாடியதும் இதே மக்கள்தான். 1945க்கு முன்பு 'சாமுராய் ரத்தம்' என்று எழுதியவர்கள், பின்பு 'அமைதியின் தேசம்' என்று எழுதினார்கள். இரண்டுமே பண்பாட்டைப் பிறவிக் குணமாக நினைக்கும் தவறு. ஜப்பானின் அமைதி அடையாளம் உருவாக்கப்பட்ட ஒன்று. யார், எப்போது, எதை வைத்து உருவாக்கினார்கள் என்று தேடினால்தான் அது பாதுகாப்புக் கொள்கையைக் கட்டிப்போட்ட விதம் புரியும்.

முதல் கல்லை வைத்தவர்கள் ஜப்பானியர்களே அல்லர். 1946 பிப்ரவரியில், போரில் தோற்ற ஜப்பானை ஆண்ட அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தரின் அலுவலர்கள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் எழுதிய வரைவிலிருந்துதான் இன்றைய அரசியல் சட்டம் வந்தது. 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, போரை ஒரு இறையாண்மை உரிமையாகக் கொள்வதையே துறக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை எதையும் வைத்துக்கொள்ளமாட்டோம் என்கிறது. இதை எழுதிக் கொடுத்த அமெரிக்கா சீக்கிரமே வருத்தப்பட்டது. 1953 நவம்பரில் டோக்கியோ வந்த துணை அதிபர் நிக்சன், அது தவறு என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்குள் கொரியப் போர் மூண்டு, 75,000 பேர் கொண்ட 'தேசிய போலீஸ் சேமப்படை' 1950இலேயே உருவாகியிருந்தது. 1954இல் அது தற்காப்புப் படையாக மாறியது.

பிரதமர் யோஷிதா ஷிகேரு இந்த இடத்தில் காட்டிய சாமர்த்தியம் தனியாகச் சொல்லத் தக்கது. அமெரிக்காவின் சார்பில் பேசிய ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் மூன்று லட்சம் பேருக்கு மேல் படை திரட்டச் சொல்லி நெருக்கினார். யோஷிதா தன் நாட்டு மக்களின் போர் வெறுப்பையும், அமெரிக்காவே எழுதித் தந்த 9ஆவது பிரிவையும் காட்டி மறுத்தார். அவர் ஒன்றும் காந்தியவாதி அல்லர். பொருளாதாரத்தை முதலில் கட்டுவோம், பாதுகாப்பை அமெரிக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு. அடையாளத்தை ஒரு கருவியாகப் பயன்படுத்தியவர் அவர். ஆனால் கருவியாக எடுத்த ஒன்று, எடுத்தவர் போன பிறகும் நின்றுவிடுவது அரசியலில் அடிக்கடி நடக்கிறது.

ஹிரோஷிமா, நாகசாகி? அவைதானே இந்த அடையாளத்தின் ஊற்று என்று தோன்றும். பாதிதான் சரி. போருக்குப் பிந்தைய அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் அணுகுண்டு பற்றிய செய்திகளும் படங்களும் கடும் தணிக்கைக்கு உள்ளாயின. அது ஒரு தேசிய நினைவாக உருவெடுத்தது 1954இல். அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 'ஐந்தாம் ஃபுகுர்யு மாரு' என்ற சூரை மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர்மீது விழுந்தது. படகின் வானொலி இயக்குநர் செப்டம்பரில் இறந்தார். சந்தைக்கு வந்த மீனில் கதிரியக்கம். டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் குடும்பப் பெண்கள் தொடங்கிய கையெழுத்து இயக்கம் நாடெங்கும் பரவி, அடுத்த ஆண்டுக்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துகளைச் சேர்த்தது. 'காட்ஜில்லா' திரைப்படம் வெளிவந்ததும் அதே 1954 நவம்பரில்தான். 1955 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் முதல் உலக மாநாடு. 1956இல் அணுகுண்டால் பாதிக்கப்பட்டோரின் அமைப்பான நிஹோன் ஹிடான்க்யோ. 2024இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற அமைப்பு அதுதான்.

அடுப்படியிலிருந்து எழுந்த இந்த எதிர்ப்பு 1960இல் தெருவுக்கு வந்தது. அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முனைந்த பிரதமர் கிஷி நொபுசுகே, போர்க்கால டோஜோ அமைச்சரவையில் வணிக அமைச்சராக இருந்தவர். போர்க்குற்றச் சந்தேகத்தில் சுகாமோ சிறையில் கிடந்தவர். ஒப்பந்தத்தைவிட அதைக் கொண்டுவந்த ஆளே மக்களைக் கொதிக்க வைத்தார் என்று சொல்லலாம். நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் ஒரு மாணவி உயிரிழந்தார். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் பயணம் ரத்தானது. ஒப்பந்தம் நிறைவேறியது, கிஷி பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அரை நூற்றாண்டுக்கு ஒரு பாடத்தை மறக்கவில்லை: ராணுவ விஷயத்தில் கை வைத்தால் பதவி போகும்.

இப்படித்தான் அடையாளம் கொள்கையாகிறது. உணர்வு காற்றில் நிற்காது. ஏதாவதொரு அலுவலகத்தில், விதியில், வரவுசெலவுத் திட்டத்தில் குடியேற வேண்டும். ஜப்பானில் அது குடியேறிய இடங்கள் பல. 1967இல் பிரதமர் சாத்தோ எய்சாக்கு அறிவித்த அணு ஆயுத மறுப்புக் கொள்கைகள் மூன்று: வைத்திருக்கமாட்டோம், தயாரிக்கமாட்டோம், நாட்டுக்குள் வரவிடமாட்டோம். ஆயுத ஏற்றுமதிக்கு 1967இலும் 1976இலும் விழுந்த கட்டுப்பாடுகள். பாதுகாப்புச் செலவு மொத்த தேசிய உற்பத்தியில் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற 1976ஆம் ஆண்டின் அமைச்சரவை முடிவு. ராணுவத் திட்டமிடலில் எந்தத் தர்க்கமும் இல்லாத எண் அது. 1987இல் பிரதமர் நகசோனே அதை முறையாகக் கைவிட்டபோது செலவு தொட்டது 1.004 விழுக்காட்டை! அதன் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோட்டை ஒட்டியே செலவு நடந்தது.

எல்லாவற்றையும்விட வலுவான குடியிருப்பு, வெளிநாட்டினர் அதிகம் கேள்விப்படாத ஒரு அலுவலகம்: அமைச்சரவைச் சட்டப் பணியகம். அரசியல் சட்டத்துக்கு அரசாங்கத்தின் சார்பில் பொருள் சொல்லும் சட்டப் புலிகள் இருக்கும் இடம். 'கூட்டுத் தற்காப்பு உரிமை நமக்கு உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்த அரசியல் சட்டம் அனுமதிக்காது' என்று 1972இல் அரசாங்கம் எடுத்த நிலைப்பாட்டை இந்தப் பணியகம் நாற்பது ஆண்டுகள் காத்தது. அதாவது, அமெரிக்கக் கப்பல்மீது யாராவது சுட்டால், பக்கத்தில் நிற்கும் ஜப்பானியக் கப்பல் சுடக்கூடாது. ஒரு கூட்டணிக்கு இதைவிட விசித்திரமான விதி இருக்க முடியாது. பிரதமர்கள் மாறினார்கள், அந்த விளக்கம் மாறவில்லை.

யதார்த்தவாதிகளின் எதிர்வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. இதெல்லாம் அமைதி உணர்வு அல்ல, அடுத்தவர் தோளில் பாரத்தை ஏற்றும் தந்திரம் என்று 2004இல் ஆய்வாளர் ஜெனிஃபர் லிண்ட் எழுதினார். ஜப்பானின் 1 விழுக்காடு என்பது உண்மையில் பெரும் தொகை. உலகின் பெரிய ராணுவச் செலவாளிகள் வரிசையில் அது பல பத்தாண்டுகளாக முன்னணியில் இருந்தது. அமெரிக்காவின் அணுக்குடை இல்லாதிருந்தால் ஹிரோஷிமாவின் நினைவு மட்டும் அணுகுண்டைத் தடுத்திருக்குமா? சந்தேகம்தான். மூன்று கொள்கைகளுக்காகவும் 1974இல் நோபல் பரிசு பெற்ற சாத்தோ, 1969இல் நிக்சனோடு ரகசியமாக ஓர் உடன்பாடு செய்திருந்தார்: நெருக்கடி வந்தால் ஒகினாவாவுக்குள் அணு ஆயுதங்களைக் கொண்டுவரலாம். அந்த ஆவணம் 2009இல் அவருடைய குடும்பத்தாரிடமிருந்து வெளியே வந்தது. அமைதி நாட்டின் பாரத்தை யார் சுமந்தார்கள் என்று பார்த்தாலும் ஒகினாவாதான் தெரியும். நாட்டின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடே உள்ள அந்தத் தீவுகளில், அமெரிக்கப் படைகள் மட்டும் பயன்படுத்தும் தளப் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு இருக்கிறது. டோக்கியோவாசிகள் தங்களை அமைதி விரும்பிகள் என்று சொல்லிக்கொள்வதற்கான விலையில் பெரும்பகுதியை ஒகினாவாக்காரர்கள் கட்டுகிறார்கள். அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2017இல் வந்தபோது ஜப்பான் கையெழுத்திடவில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அமெரிக்கக் குடை பிரிட்டனுக்கும் தென் கொரியாவுக்கும்கூட இருந்தது. தென் கொரியா வியட்நாமுக்கு லட்சக்கணக்கில் படை அனுப்பியது. ஜப்பான் ஒருவரையும் அனுப்பவில்லை. ஒரே குடையின் கீழ் நின்ற இருவர் ஏன் இப்படி வேறுபட்டார்கள் என்பதற்குப் பலத்தின் கணக்கு மட்டும் பதில் தராது. அடையாளம் எதைச் செய்ய முடியும் என்பதைத் தீர்மானிப்பதில்லை; எதைச் செய்தால் உள்நாட்டில் என்ன விலை என்பதைத் தீர்மானிக்கிறது. என் பார்வையில் இந்த வாதத்தின் வலுவான வடிவம் இதுதான்.

1992இல் அந்த விலை கண்ணெதிரே தெரிந்தது. குவைத் விளம்பரம் தந்த சூட்டில், ஐநா அமைதிப் படைக்கு ஆள் அனுப்பும் மசோதாவை அரசு கொண்டுவந்தது. சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் வாக்குப்பெட்டி வரை அங்குலம் அங்குலமாக நடந்து ஒவ்வொரு வாக்கெடுப்பையும் மணிக்கணக்கில் இழுத்தார்கள். ஜப்பானிய நாடாளுமன்றத்தில் இதற்கு 'மாட்டு நடை' என்று பெயர். மசோதா நிறைவேறி, சாலை போடும் பொறியியல் படையினர் கம்போடியா போனார்கள். 2004இல் ஈராக்கின் சமாவா நகருக்குப் போன சுமார் 600 பேரும் தண்ணீர் சுத்திகரித்தார்கள், பள்ளிகளைப் பழுதுபார்த்தார்கள். அவர்களுக்குக் காவலாக முதலில் டச்சுப் படை நின்றது, பிறகு பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகள். ராணுவத்துக்கு ராணுவக் காவல்! ஒரு தோட்டாகூடச் சுடாமல் 2006இல் திரும்பினார்கள்.

அடையாளம் உள்நாட்டு விவகாரம் மட்டும் அல்ல; அண்டை நாட்டார் நம்மை யார் என்று நினைக்கிறார்கள் என்பதும் அதில் பாதி. ஜப்பானும் தென் கொரியாவும் அமெரிக்காவின் கூட்டாளிகள். இரண்டிலும் அமெரிக்கத் துருப்புகள். இரண்டையும் வட கொரிய ஏவுகணைகள் மிரட்டுகின்றன. பாடப்புத்தகத்தின்படி இவ்விருவரும் இறுகிய நண்பர்களாக இருக்க வேண்டும். நடந்தது என்ன? ராணுவ உளவுத் தகவலைப் பகிரும் எளிய ஒப்பந்தம் ஒன்று, 2012 ஜூனில் கையெழுத்தாக ஒரு மணி நேரம்கூட இல்லாத நிலையில், சியோலில் எழுந்த எதிர்ப்பால் நின்றுபோனது. 1910 முதல் 1945 வரை தங்களை ஆண்ட நாட்டோடு ராணுவ ஒப்பந்தமா என்ற கேள்விதான் காரணம். 2016இல் அது கையெழுத்தானது. 2018இல் கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களுக்கு ஒரு ஜப்பானிய உருக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில் சில்லுத் தயாரிப்புக்குத் தேவையான மூன்று வேதிப்பொருள்களின் ஏற்றுமதியை ஜப்பான் இறுக்கியது. ஆகஸ்டில் உளவு ஒப்பந்தத்தையே முறிக்கப்போவதாகக் கொரியா அறிவித்தது. அமெரிக்க நெருக்குதலால் நவம்பரில் பின்வாங்கியது. வட கொரியா ஏவுகணை ஏவிக்கொண்டிருந்த அதே மாதங்களில் நடந்த கதை இது.

கொரியாவை மட்டும் பார்த்து, கொடுமையின் நினைவு இருந்தால் கூட்டணி அமையாது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. 1945 பிப்ரவரி, மார்ச்சில் மணிலா நகரம் அழிந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். அதே பிலிப்பைன்ஸ் 2024 ஜூலையில் ஜப்பானியப் படைகள் தன் மண்ணுக்கு வந்து பயிற்சி செய்ய வழிவிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மலேயாவில், ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மடிந்த ஆசியத் தொழிலாளர்களில் தமிழர்கள் பல்லாயிரம் பேர். தோட்டக் குடும்பங்களில் சயாம் மரண ரயில் என்ற பெயர் இன்னும் வாழ்கிறது. ஆனால் அந்த நினைவை மலேசிய அரசு தன் வெளியுறவில் ஏந்தவில்லை. ஏந்தும் அளவுக்கு அந்த மக்களிடம் அதிகாரமும் இல்லை. கொரியாவில் ஜப்பானிய எதிர்ப்பு தேசத்தைப் பெற்றெடுத்த கதையாகவே இருக்கிறது; பிலிப்பைன்ஸில் அந்த இடத்தை ஸ்பெயினும் அமெரிக்காவும் பிடித்துக்கொண்டன. துன்பத்தின் அளவைவிட, அந்தத் துன்பம் எந்தக் கட்சிக்கு, எந்த நீதிமன்றத்துக்கு, எந்தப் பாடநூலுக்குச் சொந்தமானது என்பதே வெளியுறவில் எடுபடுகிறது. மணிலா கடற்கரைச் சாலையில் வைக்கப்பட்டிருந்த, ஜப்பானிய ராணுவத்தால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் நினைவுச் சிலை 2018 ஏப்ரலில் அகற்றப்பட்டது. சியோலில் எந்த அரசாங்கமும் அப்படிச் செய்துவிட்டு நிலைக்க முடியாது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1998 பொக்ரான் சோதனைக்காக ஜப்பான் புதிய உதவிகளை நிறுத்தியது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2016 நவம்பரில், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராத இந்தியாவோடு குடிசார் அணுசக்தி உடன்பாட்டில் கையெழுத்திட்டது. பேச்சு ஆறு ஆண்டுகள் இழுத்தது. இந்தியா மறுபடி சோதனை நடத்தினால் உடன்பாட்டை முறிக்கும் உரிமை தனக்கு உண்டு என்ற புரிதலைத் தனிக் குறிப்பாக இணைத்த பிறகே டோக்கியோவின் மனம் ஆறியது. சீனாவை எண்ணி உடன்பாடு. ஹிரோஷிமாவை எண்ணிக் குறிப்பு.

இன்று அமைதி அடையாளத்தின் அந்தக் கட்டடம் பிரிக்கப்படுகிறது என்பதில் ஐயமில்லை. பிரிக்கப்படும் விதம்தான் கவனிக்க வேண்டியது. கிஷியின் பேரனான பிரதமர் அபே ஷின்சோ அரசியல் சட்டத்தைத் திருத்த முடியாது என்று கண்டதும், 2013 ஆகஸ்டில் சட்டப் பணியகத்தின் தலைமைக்கு வெளியுறவுத் துறையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து அமர்த்தினார். மரபை உடைத்த நியமனம். 2014 ஜூலையில் கூட்டுத் தற்காப்புக்கு அமைச்சரவை வழிவிட்டது. 2015 செப்டம்பரில் சட்டமானது. பௌத்த இயக்கமான சோகா கக்காயின் ஆதரவில் நிற்கும் கோமெய்தோ கட்சி ஆளும் கூட்டணியில் இருந்தபடி கடிவாளம் பிடித்ததால், 'நாட்டின் இருப்புக்கே ஆபத்து' என்ற நிலையில் மட்டுமே படையைப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை சேர்ந்தது. 248 மீட்டர் நீளமுள்ள இஸுமோ கப்பலில் 2021இல் அமெரிக்க எஃப்-35பி போர்விமானங்கள் இறங்கிச் சோதித்தன. ஆனால் அதிகாரபூர்வமாக அதை யாரும் விமானந்தாங்கிக் கப்பல் என்று சொல்வதில்லை. 1937இல் ஷாங்காயில் நின்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் பெயரும் இஸுமோதான் என்பதைச் சீனர்கள் மறக்கவில்லை. 2022 டிசம்பரில் வெளியான பாதுகாப்பு ஆவணங்கள் ஐந்து ஆண்டுகளில் 43 லட்சம் கோடி யென் செலவு, 2027க்குள் தேசிய உற்பத்தியில் 2 விழுக்காடு, எதிரி நிலத்தைத் தாக்கும் ஏவுகணைகள் என்று வகுத்தன.

கடிவாளமாக எழுதப்பட்ட சொற்றொடர் 2025 நவம்பரில் வேறு வேலை செய்தது. தைவானைச் சுற்றிப் போர்க்கப்பல்களோடு பலப்பிரயோகம் நடந்தால் அது ஜப்பானின் இருப்புக்கே ஆபத்தான நிலையாகலாம் என்று பிரதமர் தகாய்ச்சி சனாயே நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். சீனா தன் மக்களை ஜப்பானுக்குப் போகவேண்டாம் என்றது. அதற்கு முந்தைய மாதம்தான் கோமெய்தோ, 1999இல் தொடங்கிய கூட்டணியிலிருந்து வெளியேறியிருந்தது. கட்டுப்படுத்தும் விதி எதுவும் ஒரு எல்லைக்கோடு. கோடு வரைந்தவர் போன பிறகு, கோட்டைத் தாண்டும் வழியையும் அதுவே காட்டித் தருகிறது.

தற்காப்புப் படை தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது போரில் ஒருவரையும் கொன்றதில்லை. 9ஆவது பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஜப்பானைச் சீனாவுக்கு எதிரான எடைக்கல்லாக மட்டும் பார்க்கும் பழக்கம் நம் பாதுகாப்பு விமரிசகர்களிடம் ஊறிப்போய்விட்டது. அதன் கப்பல்களையும் ஏவுகணைகளையும் எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நெருக்கடி நாளில் அந்தக் கப்பல்கள் வருமா என்பதை முடிவு செய்யப்போவது டோக்கியோ நாடாளுமன்றத்தின் வாதங்களும், சட்டப் பணியகத்தின் ஒரு குறிப்பும், கூட்டணியில் அன்று யார் இருக்கிறார்கள் என்பதும். அவற்றையும் அவர்கள் படிக்கத் தொடங்கட்டும்.